நொட்டையார் மாட்டிய பெல்ட்

பாட்டில் தொழிற்சாலையில் நொட்டையார் பார்த்த வேலை, கழித்துப் போடுவது. வெளிச்சம் போட்ட ஒரு பலகை. அதற்கு எதிரே ஒரு ஸ்டூல். இரண்டுக்கும் நடுவே பாட்டில்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்குள் ஒரு கொப்புளம், வாய்ப்பக்கம் ஒரு கீறல், அடியில் கொஞ்சம் கோணல், எது கண்ணில் பட்டாலும் அந்தப் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். அது விழுந்து நொறுங்குகிற சத்தம் அவருக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி. இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டில்கூட அவர் செய்தது கிடையாது. மண்ணை உருக்குகிறவன் வேறு ஆள். உலைக்கு முன்னால் நின்று வேகிறவன் வேறு ஆள். இவர் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து, அவர்கள் செய்ததை உடைத்தார். அதற்குச் சம்பளமும் வாங்கினார்.

அந்தப் புத்தியை ஸ்டூலோடு விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். கதவு போட்ட தச்சனிடம் நொட்டை, குழாய் வைத்தவனிடம் நொட்டை, சட்டை தைத்தவனிடம் நொட்டை. அவருடைய கல்யாணப் போட்டோவில் மணப்பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை மட்டும் பக்கவாட்டில் திரும்பி வாயைத் திறந்துகொண்டிருப்பார். போட்டோக்காரன் நிற்கிற இடம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பட்டனை அமுக்கிவிட்டான். வேண்டுமென்றே அமுக்கினான் என்று கூடத் தோன்றுகிறது. நொட்டையார் என்ற பட்டம் அவருக்குத் தொழிற்சாலையில் கிடைத்து, தெருவுக்கு நடந்து வந்து, கடைசியில் வீட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. மச்சினன் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வான்.

வீட்டில் இருந்த கார் மனைவியுடையது. அவள் உழைப்பில் வாங்கியது, அவள் ஓட்டுவது. தெருவிலும் அடுத்த தெருவிலும் இருக்கிற பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுவாள், சாயங்காலம் கூட்டிவருவாள். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு புருஷனையும் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவாள். நொட்டையாரிடம் லைசென்ஸ் இருந்தது. ஓட்டத்தான் மாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கியர் மாற்றினது லேட்டு, பிரேக் போட்டது முரட்டுத்தனம், அந்தச் சந்தில் திரும்பினது தப்பு என்று கழித்துப் போட்டுக்கொண்டே வருவார். பின்சீட்டுப் பிள்ளைகள் அவர் பேசுகிற மாதிரியே பேசிக்காட்டிச் சிரிக்கும். பிள்ளைகளுக்கு அவர்மேல் பயம் கிடையாது. அதிலிருந்தே ஆளின் கனம் தெரியும்.

ஆயில் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக்தான் முதலில் சொன்னது. ஓரத்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“அக்கா, இங்க பாருங்க. இதுதான் டைமிங் பெல்ட்டு. பல்லோரமெல்லாம் வெடிச்சுப் போச்சு. மேல இருக்கிற வால்வும் கீழ இருக்கிற பிஸ்டனும் ஒண்ணையொண்ணு இடிச்சுக்காம மாறி மாறிப் போய்வர்றது இந்த ரப்பர் பட்டையாலதான். ஓட்டும்போது அறுந்துச்சு, ரெண்டும் மோதிக்கும். என்ஜின் போச்சு. சனிக்கிழமை கொண்டாந்து போடுங்க.”

நொட்டையார் பெல்ட்டைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கின் கையைப் பார்த்தார். கறுப்பாக, எண்ணெய் வழிய, பானட்டின்மேல் அது ஊன்றியிருந்தது.

“கைய எடுப்பா முதல்ல. பெயின்ட்டுல பதியுது.”

“தொடைச்சாப் போயிரும் சார்.”

“தொடைச்சிட்டுத் தொட்டா என்ன கொறைஞ்சா போயிருவே?”

“கை அழுக்காகாம வேலை பாக்குறதுக்கு நான் என்ன டாக்டரா சார்?”

“அதான் தெரியுதே.”

மெக்கானிக்கும் ஒன்றும் பெரிய உத்தமன் கிடையாது. நாளைக்கு என்பான், நாலு நாள் ஆக்குவான். கடைக்குள் ரேடியோ அலறும். கழற்றிய போல்ட்டில் ஒன்று எப்போதும் மிச்சம் கிடக்கும். கேட்டால் அது கம்பெனிக்காரன் அதிகப்படியாகப் போட்டது என்பான். ஆனால் இந்த பெல்ட்டு விஷயத்தில் அவன் சொன்னது சரிதான். வீடு வந்தது. நொட்டையார் வாசலில் இறங்கும்போது சொன்னார்.

“நானே மாத்துறேன்.”

“எத?”

“பெல்ட்ட.”

“பேன்ட்டுக்குப் போடுறதையா?” என்றாள் மனைவி.

“இந்த நக்கல் எல்லாம் வேணாம். அவன் கையில இந்த வண்டியக் கொடுக்குறதும் ஆத்துல தள்ளுறதும் ஒண்ணு. அவனுக்கு சுத்தியலத் தவிர வேற என்ன தெரியும்? இப்பல்லாம் போன்லயே காட்டுறான். பாத்து பாத்து, நிதானமா, சுத்தமா பண்ணலாம்.”

அவள் முடியாது என்று சொல்லலாம். சொன்னால், இனி அந்தக் காரில் எந்த மூலையில் எந்தச் சத்தம் கேட்டாலும், ‘நான் அப்பவே சொன்னேன், நீதான் என்னைப் பண்ண விடல’ என்ற பல்லவியை ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அந்தப் பல்லவிக்குப் பயந்துதான் சரி என்றாள்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குப் பரீட்சை. காலையில வண்டி வாசல்ல நிக்கணும். நிக்கலைன்னா அந்த வேன்காரர் ஒரே நாள்ல எல்லாப் பிள்ளைங்களையும் அள்ளிட்டுப் போயிருவாரு. வாரா வாரம் ஒவ்வொரு வீட்டுலயும் போயி, ‘அந்தம்மா கார விட என் வேன்ல இடம் ஜாஸ்தி’ன்னு சொல்லிட்டிருக்காரு. போன பிள்ளைங்க திரும்பி வராது. அப்புறம் நான் வீட்டுல உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானமே முடிச்சிருவேன்.”

“பாக்கலாம்.”

சனிக்கிழமை காலையில் கார் கொட்டகையில் ஒரு வெள்ளை விரிப்பு விரிந்தது. அதன்மேல் ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரியதுவரை படி கட்டினமாதிரி வரிசையாக இருந்தன. எல்லாம் புதுசு. அதுவரை எந்த போல்ட்டையும் பார்த்தறியாதவை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அது மெத்தை விரிப்புங்க.”

“வேலை செய்யிற இடம் சுத்தமா இருந்தா பாதி வேலை முடிஞ்சமாதிரி.”

“மீதிப் பாதிய யாரு பண்றா?”

மீதிப் பாதிக்கு அவள் தம்பி வந்து சேர்ந்தான். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருகிற ஆள். அன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான். அதுதான் அவன் செய்த தப்பு. டார்ச்சைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டார் நொட்டையார். போனைச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். அதில் ஒருவன் இதே மாதிரிக் காரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினான். நொட்டையார் அவனையும் விடவில்லை.

“மூக்கால பேசுறான்.”

“மூக்கு என்னமோ பேசட்டும் மாமா, கை என்ன பண்ணுதுன்னு பாருங்க.”

ஜாக்கியைக் கொடுத்து முன்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்தாயிற்று. கீழே இருக்கிற புல்லி என்ற பெரிய சக்கரத்தின் போல்ட்டு மட்டும் அசையவில்லை. நொட்டையார் இழுத்தார், காலை ஊன்றி இழுத்தார், கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். போல்ட்டை மாட்டியவன் மூடன் என்றார். கம்பெனியில் அன்றைக்கு எவனாவது குடித்துவிட்டு வேலைக்கு வந்திருப்பான் என்றார். மச்சினன் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லையிலிருந்து நீளமான இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்பானரின் பிடியில் செருகினான். தொங்கினான். போல்ட்டு ‘படக்’கென்று விட்டது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நான் இழுத்து இழுத்து லூசாக்கி வச்சிருந்தேன்,” என்றார் நொட்டையார்.

மச்சினன் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சாப்பாடு அக்கா கையில் இருக்கிறது, மாமாவைப் பகைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது முக்கியமான கட்டம். போனில் பேசுகிறவன் இங்கே குரலை உயர்த்தினான். பழைய பெல்ட்டை எடுப்பதற்கு முன்னால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மேல் புல்லியில் ஒன்று, அதற்கு நேராக எஞ்சின் உடம்பில் ஒன்று. கீழ்ப் புல்லிக்கும் அதே மாதிரி. புது பெல்ட்டை மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி நேராக நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளிப் போனாலும் சங்குதான் என்றான். மச்சினன் அக்காவிடமிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கிவந்தான். எஞ்சினைச் சரியான நிலைக்குத் திருப்பி நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு புள்ளி வைத்தான்.

“புள்ளி வைக்கச் சொன்னா செவுத்துக்குப் பெயின்ட் அடிச்சமாதிரி அப்பி வச்சிருக்கே?”

“தெரியணும்ல மாமா.”

“வழிஞ்சு நிக்குது பாரு. மூணாங்கிளாஸ் பிள்ளைகூட இதவிட நல்லா வைக்கும்.”

சாப்பிடக் கூப்பிட்டார்கள். மச்சினன் ஓடிப்போனான். நொட்டையார் பின்தங்கி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளையைத் தளர்த்தி, பழைய பெல்ட்டை மட்டும் உருவிவிட்டு வருகிறேன் என்றார். உருவினார். அதோடு கையைக் கழுவியிருக்க வேண்டும். பெல்ட்டு இருந்த இடத்தில் அத்தனை வருஷத்துக் கரி. தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசின்மாதிரி புல்லியைச் சுற்றி ஒட்டிக்கிடந்தது. அவருக்கு உடம்பு கூசியது. புது பெல்ட்டு உறைக்குள் பளபளவென்று இருக்கிறது. அதைக் கொண்டுபோய் இந்தச் சாக்கடையில் மாட்டுவதா? மெக்கானிக்காக இருந்தால் அப்படியே மாட்டுவான். நாம் என்ன மெக்கானிக்கா?

பெயின்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலைத் திறந்தார். துணியில் ஊற்றி, புல்லிகளை ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். பல்லிடுக்கில் குச்சியை விட்டு நோண்டினார். எஞ்சின் உடம்பையும் விடவில்லை. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. இரும்பு வெள்ளிமாதிரி மின்ன ஆரம்பித்தது. துணியைத் திருப்பிப் பிடித்தபோது கறுப்புக்கு நடுவே சிவப்பாக ஏதோ இழுவிக்கிடந்தது.

மச்சினன் வைத்த புள்ளிகள். துணியை மடித்து, சிவப்பு உள்ளே போகும்படி சுருட்டி, குப்பைக் கூடையில் அடியில் தள்ளினார். அந்தச் சாமர்த்தியத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மேல் புல்லி இதற்குள் லேசாக நகர்ந்தும் இருந்தது. பெல்ட்டு இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தள்ளத்தானே செய்யும். நொட்டையார் குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, புல்லியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்த்தால், கம்பெனிக்காரனே கோடு வெட்டியிருந்தான். அவர் துடைத்த துடைப்பில்தான் அது வெளியே தெரிந்தது. பெருமூச்சு விட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடும் தெரிந்தது.

அந்தப் புல்லி ஒன்றுதான், அது மாட்டுகிற எஞ்சின் இரண்டு வகை. ஒரு கோடு இந்த எஞ்சினுக்கு. மற்றது அந்த எஞ்சினுக்கு. நாலு வண்டி கழற்றினவனுக்கு இது தெரியும். தெரியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். நொட்டையார் இரண்டு ஜாதியிலும் சேராதவர். அவர் இரண்டு கோட்டையும் வெளிச்சப் பலகையில் வந்த பாட்டில்கள்போலப் பார்த்தார். ஒன்று கோணலாக, ஆழமில்லாமல், ஒரு முனை பிசிறடித்துக் கிடந்தது. இன்னொன்று கத்தியால் கீறினமாதிரி நேராக, சுத்தமாக இருந்தது. பிசிறடித்த கோட்டைக் கழித்துப் போட்டார்.

மச்சினன் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். டார்ச்சை எடுத்தான்.

“மாமா, செவப்பு எங்க?”

“எந்தச் செவப்பு?”

“நான் வச்ச செவப்பு.”

“அது எதுக்கு இப்போ? கம்பெனிக்காரனே கோடு போட்டிருக்கான். அவன விடப் பெரிய ஆளா நீ?”

மச்சினன் டார்ச்சை நெருக்கிப் பிடித்தான். “ரெண்டு கோடு இருக்கே மாமா.”

“ஒண்ணு ஒழுங்கா வெட்டினது. இன்னொண்ணு எவனோ தூங்கி வழிஞ்சுக்கிட்டு வெட்டினது. எது சரியான கோடுன்னு இதுல என்ன கேள்வி?”

“இல்ல... எதுக்கும் மெக்கானிக்க ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திரட்டுமா? தெரு முக்குத் திரும்பினா அவன் கடைதான். ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்திர்றேன்.”

“அவன் வாசல்ல போயி நின்னேன்னா இந்த வாசல்ல நிக்காத.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மேல் புல்லியை ஸ்பானரால் நெட்டித் திருப்பி, அழகான கோட்டுக்கு நேராக நிறுத்தினார்கள். புது பெல்ட்டை மாட்டினார்கள். உருளையை இறுக்கினார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. படம் எடுத்து மாட்டலாம், அவ்வளவு சுத்தம். உள்ளே மட்டும் வால்வு ஒரு பக்கமும் பிஸ்டன் ஒரு பக்கமும் வேறு வேறு கணக்கில் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிக் கட்டம். சாவி போடுவதற்கு முன்னால், கீழ்ப் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி எஞ்சினைக் கையாலேயே முழுசாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றான் போனில் இருந்தவன். எங்காவது முட்டினால் நிறுத்திவிடுங்கள், பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள், அதுவரைக்கும் எதுவும் கெட்டுப்போயிருக்காது என்றும் சொன்னான். மூக்கால்தான் சொன்னான். தெளிவாகச் சொன்னான்.

நொட்டையார் ஸ்பானரைப் பிடித்துத் திருப்பினார். கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு ‘டொக்’ என்று நின்றது.

“மாமா, முட்டுது.”

“முட்டல. காத்து அமுங்குது. என்ஜினுக்குள்ள காத்து இருக்கும்ல? அது எதிர்த்துத் தள்ளும்.”

“காத்துன்னா மெத்துன்னு இருக்காதா? இது கல்லுல இடிச்சமாதிரி இருக்கே. நிறுத்துங்க மாமா. அவன்தான் சொல்றானே.”

“அவன் சொல்லுவான். அவன் வண்டியா இது?”

இந்த இடத்தில் அவர் கையை எடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலையோடு போயிருக்கும். மறுபடி அந்த இரண்டு கோட்டையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பார்த்தால், நேற்று கழித்துப் போட்டது தப்பு என்று ஆகிவிடுமே. அவர் ஆயுசில் தொட்டியில் போட்ட பாட்டிலைத் திரும்ப எடுத்தது கிடையாது. எடுக்கவும் முடியாது, அது உடைந்துபோயிருக்கும். அந்தச் சௌகரியத்தில் வளர்ந்த புத்தி அது. ஊரார் வேலையில் கடுகளவு கொப்புளத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, தன் வேலையில் நிற்கிற மலை தெரியவில்லை.

“அந்தக் குழாய எடு,” என்றார்.

“மாமா...”

“எடுடா.”

குழாயை அவரே எடுத்துச் செருகினார். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை மொத்தமாகச் சாய்த்து அமுக்கினார். உள்ளே எங்கோ மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. விரல் எலும்பைச் சொடுக்கினால் வருமே, அந்த மாதிரி. அதன்பிறகு ஸ்பானர் இழைந்துகொண்டு சுற்றிவந்தது.

“பாத்தியா?” நொட்டையாருக்கு முகமெல்லாம் பல். “காத்துன்னு சொன்னேன்ல?”

மச்சினன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

எல்லாவற்றையும் மூடி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கினார்கள். நொட்டையார் மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமி, மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்ததா அது? குளிர்ஜுரம் வந்த மாடுமாதிரி கார் மொத்தமும் உதறியது. உள்ளே யாரோ ஆணியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். கண்ணாடி நடுங்கியது. பின்னால் புகை தொங்கி நின்றது.

“புது பெல்ட்டு,” என்று சத்தத்துக்கு மேலே கத்தினார் நொட்டையார். “ஓட ஓடப் பழகிரும்!”

அவள் இறங்கிவந்து, அவர் கைக்கு மேலே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள். சாவியை உருவிக்கொண்டாள்.

“எறங்குங்க.”

“கொஞ்ச தூரம் ஓட்டினா...”

“எறங்குங்கன்னேன்.”

மெக்கானிக் வந்தான். அவளே போய்க் கூட்டிவந்தாள். அவன் மூடியைக் கழற்றிப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். பிறகு மச்சினனைத் தனியே கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டான். மச்சினன் ஒன்று விடாமல் சொன்னான். மாமாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். மெக்கானிக் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“சார், பெல்ட்டு அறுந்து வால்வு வளைஞ்சதப் பாத்திருக்கேன். ரோட்டுல போகும்போது தெறிச்சதப் பாத்திருக்கேன். வீட்டுல உக்காந்து, குழாயப் போட்டு, கையாலேயே வால்வ வளைச்ச மனுஷன இப்பத்தான் பாக்குறேன். எங்க சார், அந்தக் கையக் காட்டுங்க. ஒரு தடவை கும்பிட்டுக்கறேன்.”

“மட்டமான பெல்ட்டு,” என்றார் நொட்டையார். “செஞ்சவன் ஒழுங்கா செய்யல.”

“பெல்ட்டு நல்லாத்தான் சார் இருக்கு. துடைச்சிருக்கீங்க பாருங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு. மத்ததுதான்...” அவனால் முடிக்க முடியவில்லை, மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, என்ஜின் தலையக் கழட்டணும். வால்வு வாங்கணும். பேச்சுக்கு ஒரு வாரம்னு வச்சுக்குங்க.”

அவன் ஒரு வாரம் என்றால் மூன்று வாரம் என்று எல்லாருக்கும் தெரியும். சிரித்து முடித்துவிட்டு அவனும் போய்விட்டான். அவனுக்கு இது ஒரு மாசத்துக்குச் சொல்லித் திரிய ஆயிற்று.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். “வாங்க,” என்றாள்.

“எங்க?”

“வேன்காரர் வீட்டுக்கு. நீங்களும் வாங்க. நான் அங்க போயி நிக்கிறத நீங்க பாக்கணும்.”

வேன்காரர் வீட்டு வாசலில் வேன் நின்றது. நொட்டையாரின் கண் தானாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது. கதவு ஒட்டவில்லை, விளக்கில் விரிசல், பெயின்ட் அடித்தவன் குருடன். வேன்காரர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அப்படி ஒரு மனுஷன் சந்தோஷப்படக் கூடாது.

“வா தங்கச்சி. கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்.” அதற்குள் கேள்விப்பட்டுவிட்டார். “கவலைப்படாத. பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். நாளைக்கே ஏத்திக்கறேன்.”

“அது வந்து,” என்று நொட்டையார் ஆரம்பித்தார், “அந்த பெல்ட்டுக் கம்பெனிக்காரன்...”

“அண்ணே,” என்றாள் அவள், புருஷன் பக்கம் திரும்பாமலே. “என் வண்டிய இவரு கெடுத்துட்டாரு. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் பிள்ளைங்களக் கொடுக்க வரல. வேன ஓட்ட வந்திருக்கேன்.”

வேன்காரரின் கை முட்டியிலேயே நின்றது.

“உங்க டிரைவர் போன வாரமே ஓடிட்டான். உங்க முட்டிய வச்சுக்கிட்டு கிளட்ச் மிதிக்க முடியல, வெள்ளிக்கிழமை பிள்ளைங்கள நேரம் கழிச்சுத்தான் இறக்கினீங்க. பரீட்சை அன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா உங்க பிள்ளைங்களும் போயிரும். நாளையிலருந்து நான் ஓட்டுறேன். உங்க பிள்ளைங்களும் ஏறட்டும், என் பிள்ளைங்களும் ஏறட்டும். என் கார் தயாரான அன்னைக்கு என் பிள்ளைங்க என்னோட வந்திரும். நடுவுல ஒரு வீட்டுக்குப் போயி அந்த ‘இடம் ஜாஸ்தி’ப் பேச்சுப் பேசினீங்கன்னா, அப்பவே சாவிய வச்சிட்டுப் போயிருவேன்.”

வேன்காரர் பேராசைக்காரர். ஆனால் முட்டி வலிக்கிற பேராசைக்காரர். கொஞ்ச நேரம் தைல டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு ஆணியில் தொங்கிய சாவியைக் கையால் காட்டினார். அவள் போய் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, அந்தக் கதவு ஒட்டவில்லை என்று சொல்ல நொட்டையாருக்கு நாக்குத் துருதுருத்தது. தெருவில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வேன் அவர் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே பிள்ளைகள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளையும் மீதியில்லை, எல்லாம் வந்துவிட்டது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இருப்பு, அந்த வேன் பிறந்ததிலிருந்து அவள் கையில் இருந்தமாதிரி இருந்தது. நொட்டையார் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தார். தொழிற்சாலை பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான். வழக்கம்போல இறக்கிவிடுவாள் என்று முன்பக்கக் கதவைப் பிடித்தார்.

ஜன்னலில் ஒரு சின்னப் பெண் தலையை நீட்டினாள்.

“அங்கிள், கார உடைச்சது நீங்கதானா?”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொன்னாங்க.”

உள்ளே சிரிப்புக் கிளம்பியது. மனைவி பின்னால் திரும்பி, “படிங்க,” என்றாள். சிரிப்பு அடங்கியது. “ஏறுறதுன்னா ஏறுங்க. நேரமாச்சு.”

நொட்டையார் ஒரு காலைப் படியில் வைத்தார். வைத்த காலோடு ஒரு நிமிஷம் நின்றார். ஏறி உட்கார்ந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கலாம். ஒரு மனுஷனுக்கு அதைவிடச் சுலபமாக ஒரு காலை நேரத்தைக் கொடுக்க முடியாது. அவர் காலை எடுத்துக்கொண்டு, குனிந்து, முன்சக்கரத்தைப் பார்த்தார்.

“இந்த டயர் தேஞ்சிருக்கே,” என்றார். “இத வச்சுக்கிட்டா பிள்ளைங்கள ஏத்துற?”

அவள் எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். வேன் கிளம்பியது. தெரு முனையில் விளக்குப் போட்டு, நின்று பார்த்து, அழகாகத் திரும்பிப் போனது.

நொட்டையார் தொழிற்சாலைக்கு நடந்தே போனார். டயர் நன்றாகத்தான் இருந்தது.